வராத காய்ச்சலுக்கு எத்தனை ஸ்டார்? ஃப்ளூ ஊசி, 9 டோஸுக்குப் பிறகு

செருப்பு வாங்கினால் கடிக்கிறதா இல்லையா என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். ஃபேன் வாங்கினால் மாட்டிய அன்றைக்கே சத்தம் கேட்டுவிடும். வருஷா வருஷம் போட்டுக்கொள்கிற ஃப்ளூ ஊசிக்கு எப்படி ஸ்டார் போடுவது? அது ஒழுங்காக வேலை செய்தால் நடப்பது ஒன்றுமே இல்லை. ஒன்றும் நடக்கவில்லை என்று எழுத யாருக்குக் கை வரும்? பலிக்காமல் போன வருஷம் மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஆளாளுக்கு எழுதுவார்கள்.

இருந்தாலும் எழுதுகிறேன். சீசன் நெருங்கினால் போதும், நாலு பேராவது "நீங்கதான் போடுவீங்களே, போடலாமா?" என்று கேட்டு வருகிறார்கள். ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் பேசி, கடைசியில் அவர்கள் "சரி, பார்க்கலாம்" என்று சொல்லிப் போவதைப் பார்த்து அலுத்துவிட்டது. இனிமேல் கேட்பவர்களிடம் இதைப் படிக்கச் சொல்லிவிடலாம்.

நான் டாக்டர் இல்லை, கணக்கு எழுதுகிற வேலை. சின்ன வயதிலிருந்து இழுப்பு உண்டு, பையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும். 2015ல் என்னுடைய நெஞ்சு டாக்டர் "உங்களை மாதிரி ஆளுங்களுக்குத்தான் இது முதல்ல" என்று எழுதிக் கொடுத்ததில் ஆரம்பித்தது. 2024 வரை பத்து சீசன், அதில் ஒன்றைத் தவிர்த்து 9 டோஸ். சின்ன அட்டை ஒன்றில் தேதியும் தொகுப்பு எண்ணும் ஒட்டி வைத்திருக்கிறேன், தொழில் புத்தி.

பொருளைப் பற்றி முதலில். உள்ளே இருப்பது அரை மில்லிதான், பார்த்தால் தண்ணீர் மாதிரி, லேசாகக் கலங்கலாக இருக்கலாம். அந்த அரை மில்லிக்குள் இந்த வருஷம் சுற்றப்போகிறது என்று எதிர்பார்க்கிற வைரஸ் வகைகளின் மேல்தோல் புரதம், வகைக்கு 15 மைக்ரோகிராம். இப்போது மூன்று வகை: ஏ பிரிவில் எச்1என்1, எச்3என்2, பி பிரிவில் விக்டோரியா. இடையில் சில வருஷம் நாலு வகை போட்டார்கள். நாலாவது, பி யமகட்டா, 2020 மார்ச்சுக்குப் பிறகு உறுதியாக எங்கேயும் கண்ணில் படவே இல்லை. கொரோனாவுக்காக உலகமே கதவைச் சாத்திக்கொண்டதில் பாவம் அது அழிந்தே போயிருக்கலாம். 2023 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் அதைத் தூக்கிவிடச் சொன்னது. அதனால் யாராவது "போன தடவை நாலு இருந்துச்சு, இப்ப மூணுதான், ஏமாத்துறாங்க" என்று சொன்னால் நம்பாதீர்கள், என் அலுவலகத்திலேயே ஒருவர் சொன்னார்.

வேறு எந்தப் பொருளிலும் இல்லாத விசித்திரம், இதன் செய்முறையை வருஷத்துக்கு இரண்டு முறை உட்கார்ந்து மாற்றி எழுதுகிறார்கள். வட அரைக்கோளத்துக்குப் பிப்ரவரியில் ஒரு கூட்டம், தென் அரைக்கோளத்துக்குச் செப்டம்பரில் ஒரு கூட்டம். 1952லிருந்து இயங்கிவரும் கண்காணிப்பு வலையமைப்பு ஒன்று இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் ஆய்வகங்கள் எந்த வைரஸ் எங்கே எப்படி மாறிக்கொண்டிருக்கிறது என்று அதன் வழியாகத்தான் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன, கூட்டத்தில் அதைப் பார்த்து "இந்த மூன்று" என்று முடிவு செய்கிறார்கள். அப்புறம் தயாரித்து முடிக்க ஆறு மாதம் போல ஆகும். பெரும்பாலும் இன்னமும் கருவுற்ற கோழிமுட்டையில்தான் வளர்க்கிறார்கள், செல்களில் வளர்ப்பதும், வைரஸே இல்லாமல் புரதத்தை மட்டும் தயாரிப்பதும் பிறகு வந்தவை. அந்த ஆறு மாதத்தில் வைரஸ் சும்மா இருக்குமா? கூட்டத்தில் பார்த்த முகம் ஒன்று, ஊருக்குள் வந்து சேர்கிற முகம் வேறு. போதாததற்கு முட்டையில் வளரும்போதே எச்3என்2 கொஞ்சம் உருமாறிவிடுகிறது என்கிறார்கள்.

இது புதுப் பிரச்சினையும் இல்லை. 1940களில் அமெரிக்க ராணுவத்தில் நன்றாக வேலை செய்த ஊசி 1947ல் வைரஸ் மாறிவிட்டதால் கைவிட்டது. வருஷா வருஷம் மாற்றித்தான் ஆக வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. 2014-15 சீசனில் அமெரிக்காவில் கணக்குப் பார்த்தபோது பலன் 20 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. நன்றாகப் பொருந்திய வருஷங்களில் 40லிருந்து 60 சதவீதம், அதாவது டாக்டரைப் பார்க்கப் போகிற அளவுக்கு ஃப்ளூ வருவது அவ்வளவு குறைகிறது. நூற்றுக்கு அறுபது எடுக்கிற பிள்ளையை யாரும் தெருவில் நிறுத்திப் பெருமை பேச மாட்டார்கள், சரிதான். ஆனால் இந்தப் பரீட்சையில் கேள்வித்தாளே ஆறு மாதத்தில் மாறிவிடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இப்போது ஊசி போடுகிற அனுபவம். ஊசி மெல்லியது, குத்துவது இரண்டு விநாடி, ரத்தப் பரிசோதனைக்கு எடுப்பதைவிட வலி குறைவு. சில வருஷம் முடிந்துவிட்டதா என்று நான் கேட்டிருக்கிறேன். உண்மையான விஷயம் அன்று மாலைதான். புஜத்தில் ஒரு குடைச்சல் ஆரம்பிக்கும், ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாது, தொட்டால் உள்ளே ஒரு நெல்லிக்காய் அளவு கெட்டியாக இருக்கிற மாதிரி தெரியும். மறுநாள் மதியம் வரை கடுக்கும். மூன்றாம் நாள் எந்தக் கையில் போட்டேன் என்று யோசிக்க வேண்டியிருக்கும். ஒன்பதில் இரண்டு முறை உடம்பு வலி, ஒரு முறை ராத்திரி 100 டிகிரி காய்ச்சல், ஒரே மாத்திரையில் விட்டது. அவ்வளவுதான்.

ஒரே ஒரு முறை மட்டும் மோசம். 2019ல், பேர் வேண்டாம், அவசரமான ஓர் இடம். நான் நின்றுகொண்டிருந்தேன், அந்தப் பெண்ணும் நின்றுகொண்டு, சட்டைக் கையை மேலே ஏற்றச் சொல்லாமல் கழுத்துப் பக்கமாகக் கீழே இழுத்து, தோள் எலும்புக்குப் பக்கத்திலேயே குத்திவிட்டார். அன்றைக்கே வலி வேறு மாதிரி இருந்தது. ஏழு வாரம் தலை வாரக் கையைத் தூக்க முடியவில்லை, பிசியோதெரபிக்குப் போக வேண்டியதாயிற்று. மருந்தில் கோளாறு இல்லை, போட்ட இடத்தில்தான் கோளாறு. தசையில் போட வேண்டியதை மேலே தூக்கிப் போட்டால் மூட்டைச் சுற்றியுள்ள பைக்குள் போய்விடும். தோள் எலும்பின் முனையிலிருந்து இரண்டு மூன்று விரல் கீழே, புஜத்தின் சதைப்பற்றான நடுப்பகுதி, அங்கேதான் போட வேண்டும், நீங்களும் உட்கார்ந்திருக்க வேண்டும், போடுபவரும் உட்கார்ந்திருந்தால் இன்னும் நல்லது. அன்றிலிருந்து நான் கை தொளதொளவென்று இருக்கிற உடுப்பில்தான் போகிறேன், "இங்க போடுங்கம்மா" என்று விரலால் காட்டிவிடுகிறேன். முறைப்பார்கள். முறைக்கட்டும்.

இன்னொன்று, பெட்டியைத் தொட்டுப் பாருங்கள். இந்த மருந்து 2லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், வெளியில் கிடக்கவும் கூடாது, உறைந்துபோகவும் கூடாது, உறைந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். ஓர் இடத்தில் மேஜைமேல் இருந்த தட்டிலிருந்து எடுத்தார்கள், "இப்பதான் வெளிய எடுத்தோம்" என்றார்கள், தொட்டால் பெட்டி அறையின் சூட்டில்தான் இருந்தது. நான் எழுந்து வந்துவிட்டேன். வேறோர் இடத்தில் நீட்டிய பெட்டியில் அச்சடித்திருந்தது போன சீசன். கேட்டதும் "ஓ" என்று உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள். கேட்காமல் எத்தனை பேர் கையை நீட்டினார்களோ.

என் பையனுக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு ஏழு வயதில் முதல் தடவை போட்டோம். ஒன்பது வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு முதல் சீசனில் நாலு வாரம் இடைவெளி விட்டு இரண்டு டோஸ் வேண்டும், யாருமே எங்களிடம் சொல்லவில்லை. அட்டையில் இரண்டாவது கட்டம் காலியாக இருக்கிறதே என்று நானே பார்த்துப் போய்க் கேட்டதற்கு "நீங்க வருவீங்கன்னு நினைச்சோம்" என்றார்கள். எதற்கு வருவேன், சொல்லாமல்? சேவைக்கு இங்கே ஒரு ஸ்டார் கழித்துவிட்டேன், ஊசியின் கணக்கில் இல்லை, போடுகிறவர்கள் கணக்கில்.

சரி, பலன். 2017ல் ஊசி போட்டும் எனக்கு ஃப்ளூ வந்தது. மூக்கில் குச்சி விட்டுப் பார்த்ததில் இன்ஃப்ளுயன்சா ஏ. மூன்று நாள் படுத்தேன், இன்ஹேலர் இரண்டு முறை கூடுதலாக எடுத்தேன், ஐந்தாம் நாள் வேலைக்குப் போய்விட்டேன். "பார்த்தியா, போட்டும் வந்துச்சு" என்று என் கணவருக்கு ஒரே குஷி.

தவறவிட்டது 2022. காரணம் கேட்டால் வெட்கம்தான். கொரோனாவுக்கு ஒன்று, இரண்டு, பூஸ்டர் என்று போட்டுப் போட்டு, எந்த ஊசியின் பேரைக் கேட்டாலும் ஓர் அலுப்பு. அதற்கு முந்தைய சீசன்களில் ஃப்ளூ என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது, 2020-21ல் முகக்கவசமும் வீடடங்கலுமாக உலகம் முழுக்க அது ஏறக்குறைய காணாமலே போனது. 2020ல் போட்ட டோஸ் என் கணக்கில் வீண் செலவு, ஆனால் அப்படி ஆகும் என்று முன்கூட்டி யாருக்குத் தெரியும்? அந்த நினைப்பில் 2022ல் விட்டுவிட்டேன். எல்லோரும் முகக்கவசத்தைக் கழற்றிய நேரம், அதுவும் திரும்பி வந்தது.

ஒரு சனிக்கிழமை மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடிக்க ஆரம்பிக்கும்போது நன்றாகத்தான் இருந்தேன், பாதிக் குவியல் முடிவதற்குள் முட்டியெல்லாம் வலிக்க ஆரம்பித்து, மடித்த துணிமேலேயே சாய்ந்துவிட்டேன். சளி மெல்ல மெல்ல வரும், தொண்டை கரகரக்கும், தும்மல் வரும், அப்புறம் மூக்கு. ஃப்ளூ அப்படி வருவதில்லை, கதவை உடைத்துக்கொண்டு வரும். ராத்திரி 103. கண்ணை அசைத்தால் கண்ணுக்குப் பின்னால் வலி. மூன்றாம் நாள் இழுப்பு ஏறி, நெபுலைசர், ஸ்டீராய்டு மாத்திரை. வைரஸுக்கான மாத்திரை இருக்கிறது, ஆனால் முதல் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாகப் பிடிக்கும், நான் போனது அதற்கும் பிறகு. 11 நாள் படுக்கை, இருமல் மட்டும் இன்னும் ஒரு மாதம்.

இப்போது 2017ஐயும் 2022ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஊசி போட்ட வருஷம் மூன்று நாள், போடாத வருஷம் 11 நாள், பார்த்தீர்களா என்று நான் முடித்தால் அது பொய்க்கணக்கு. இரண்டு வைரஸும் ஒன்றா, என் உடம்பு இரண்டு வருஷமும் ஒரே மாதிரி இருந்ததா, தெரியாது. ஒரே ஆளின் உடம்பில் இரண்டு வரவு எழுதி லாபம் காட்ட முடியாது. ஊசி போட்டும் ஃப்ளூ வந்தவர்களில் ஆஸ்பத்திரியில் சேர்கிற அளவுக்குப் போவது குறைகிறது என்று பல ஆயிரம் பேரைப் பார்த்த ஆய்வுகள் சொல்கின்றன, நான் அதைத்தான் நம்புகிறேன், என் கதையை அல்ல. ஆனால் 2023ல் முதல் நாளே போய்ப் போட்டுக்கொண்டது அந்த ஆய்வுகளால் இல்லை, அந்தச் சனிக்கிழமை மதியத்தால்தான், அதையும் மறைக்க வேண்டாம்.

எங்கள் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, 71 வயது, சர்க்கரை உண்டு. ஊசியே வேண்டாம் என்கிறார். காரணம் பக்கத்து வீட்டம்மா. 2016ல் அந்தம்மா ஊசி போட்டுக்கொண்டு வந்தார், மறுநாள் காய்ச்சலில் படுத்தார், ஒரு வாரம் எழுந்திருக்கவில்லை. "ஊசி போட்டதாலதான் வந்துச்சு, நான் கண்ணால பார்த்தேன்." நான் உட்கார்ந்து விளக்கினேன். உள்ளே இருப்பது செத்த வைரஸின் துண்டுகள் அத்தை, அது பிழைத்து எழுந்து வர முடியாது. ஃப்ளூ கிருமி உள்ளே போய் நோயாகக் காட்ட ஒன்றிலிருந்து நாலு நாள் ஆகும், ஊசி வேலை செய்ய ஆரம்பிக்க இரண்டு வாரம் ஆகும். அந்தம்மா போட்டுக்கொள்ளப் போன அன்றைக்கே கிருமி உள்ளே இருந்திருக்கும், இல்லையென்றால் காத்திருந்த வரிசையிலேயே யாராவது கொடுத்திருப்பார்கள். ஒரு பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீரையும் மறுபாதிக்கு மருந்தையும் யாருக்கு எது என்று சொல்லாமல் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், கை வலியில்தான் தெளிவான வித்தியாசம், காய்ச்சலில் பெரிய வித்தியாசம் இல்லை. எல்லாம் கேட்டுவிட்டு அத்தை சொன்னார்: "கணக்கு நல்லாத்தான் சொல்ற. உடம்பு கணக்குப் பார்க்காதும்மா."

அத்தையிடம் தோற்ற பிறகு ஒன்று உறைத்தது. இந்தச் சண்டையில் பாதி, அந்தப் பெயரால்தான் வருகிறது. 'ஊசி' என்றாலே நம் பேச்சில் நோய் வந்த பிறகு போடுவது. "டாக்டர் ஒரு ஊசி போட்டார், காய்ச்சல் விட்டுச்சு." ஊசிக்குப் பிறகு காய்ச்சல் போக வேண்டும், அதுதான் பழகிய வரிசை. 'தடுப்பூசி' என்றால் கைக்குழந்தைக்கு. நன்றாக நடமாடுகிற ஒரு பெரிய மனுஷிக்கு, ஒரு நோயும் இல்லாதபோது, போட்ட பிறகு வேண்டுமானால் கை வலிக்கும் என்கிற ஊசி, இது எந்தப் பேரிலும் அடங்கவில்லை. இதில் 'ஃப்ளூ' என்ற சொல் வேறு, மூன்று தும்மல் போட்டாலே "எனக்கு ஃப்ளூ" என்கிறோம். சளி பிடிக்க வைக்கிற வைரஸ்கள் 200க்கு மேல் உண்டு, இந்த ஊசிக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் ஊசி போட்ட மறு மாதம் சளி பிடித்தால், பழி ஊசிமேல். பூட்டு வாங்கி மாட்டிவிட்டு, ஜன்னல் வழியாகப் பூனை வந்துவிட்டது என்று பூட்டுக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிற மாதிரி.

அலுவலகத்தில் ஒரு முறை முகாம் வைத்தார்கள். படிவத்தில் பேர் கொடுத்தவர்களில் பாதிப் பேர்தான் வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் நின்ற தம்பி நர்ஸிடம் சிரித்துக்கொண்டே "அக்கா, நீங்க போட்டுக்கிட்டீங்களா?" என்று கேட்டான். அவர் பதில் சொல்லவில்லை. பஞ்சை நனைத்துக்கொண்டே லேசாகச் சிரித்தார், அவ்வளவுதான். அந்தத் தம்பி சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு "ஒரு போன் வந்திருக்கு" என்று வெளியே போனவன் திரும்பவில்லை, அவன் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். சுவரில் ஒட்டியிருந்த பெரிய சுவரொட்டி செய்ததைவிட அந்தச் சிரிப்பு அதிக வேலை செய்தது. ஆஸ்பத்திரி ஊழியர்கள் முதலில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று பல வழிகாட்டுதல்களில் எழுதியிருக்கிறது, அவர்களிடமிருந்து படுத்திருக்கிற நோயாளிக்குப் போகக் கூடாது என்பதற்காக. எழுதியிருப்பது வேறு, நடப்பது வேறு.

கொரோனாவுக்குப் பிறகு பேச்சின் ருசியே மாறிவிட்டது. முன்பு போடாதவர்கள் சோம்பலில் போடவில்லை, "நேரமில்லை", "மறந்துட்டேன்". இப்போது அதே ஆட்கள் கொள்கையாகச் சொல்கிறார்கள். கட்டாயப்படுத்தினார்கள், ஒவ்வொரு மாதமும் ஒன்று சொன்னார்கள், ஒரு டோஸ் போதும் என்றார்கள், அப்புறம் இன்னொன்று என்றார்கள், அந்தக் கோபம் எல்லாம் இப்போது இந்தப் பாவப்பட்ட அரை மில்லியின் தலையில். அந்தக் கோபத்தில் ஒரு பங்கு எனக்குப் புரிகிறது. தெளிவாக, "இது இவ்வளவுதான் செய்யும், இது செய்யாது" என்று முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு கசப்பு வந்திருக்காது. உலக சுகாதார நிறுவனம் 2019ல், கொரோனா வருவதற்கு முன்பே, தடுப்பூசித் தயக்கத்தை உலகத்தின் பத்து ஆபத்துகளில் ஒன்றாக எழுதியது. அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தால் அந்தத் தயக்கத்துக்கு எல்லோருமாகச் சேர்ந்து உரம் போட்டிருக்கிறோம்.

ஆதரிப்பவர்களிலும் சிலர் எரிச்சல்தான். "ஒண்ணுமே ஆகாது, நூறு சதவீதம் சேஃப்" என்று அடித்துச் சொல்வார்கள். எந்த மருந்தும் அப்படி இல்லை. 1976ல் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சல் பயத்தில் நாலு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு அவசரமாகப் போட்டார்கள். அதில் ஏறக்குறைய லட்சத்தில் ஒருவருக்குக் கூடுதலாக கியான் பாரே என்கிற, நரம்புகள் பாதிக்கப்பட்டுக் கைகால் பலமிழக்கிற நோய் வந்தது, திட்டத்தையே நிறுத்தினார்கள். பயந்த கொள்ளைநோயும் வரவில்லை. இப்போதைய வருடாந்தர ஊசியில் அந்த ஆபத்து இருந்தால், பத்து லட்சத்தில் ஒன்றிரண்டு என்கிறார்கள், ஃப்ளூ வந்தாலும் அதே நோய் வரலாம், அதில் வாய்ப்பு இன்னும் அதிகம். 2009 கொள்ளைநோய்க்கு ஐரோப்பாவில் போட்ட ஒரு ஊசியால் பின்லாந்திலும் ஸ்வீடனிலும் சில பிள்ளைகளுக்கு நார்கோலெப்சி என்கிற, பகலில் அடக்க முடியாமல் தூக்கம் அழுத்துகிற நோய் வந்தது, அந்த ஊசி இப்போது புழக்கத்தில் இல்லை. இதையெல்லாம் மறைத்து வைத்தால் எதிராளி அதைத் தோண்டி எடுத்துக் காட்டும்போது நாம் சொன்ன மற்ற உண்மைகளும் சேர்ந்து சாயம் போய்விடும். என்னைக் கேட்பவர்களிடம் நானே முதலில் சொல்லிவிடுகிறேன். சொன்ன பிறகுதான் சிலர் போட்டுக்கொண்டார்கள், ஆச்சரியம்தான்.

என் கணவரை மாற்றியது நான் இல்லை. இதய டாக்டர். கனடாவில் 2018ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஆறு மடங்கு என்று கண்டிருந்தார்கள். அவர் அதைச் சொன்ன மறு வாரம், "போட்டும் வந்துச்சு" என்று 2017ல் குதித்த மனிதர், எனக்கு முன்னால் வரிசையில் நின்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திரும்பிப் போயிருப்பார்.

நாத்தனார் கர்ப்பமாக இருந்தபோது தயங்கினாள், நியாயமான தயக்கம், அந்த நேரத்தில் எதைச் சாப்பிடவும் போடவும் பயம் இருக்கும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்த ஊசி போட முடியாது, அம்மா போட்டுக்கொண்டால் அந்த எதிர்ப்புசக்திதான் குழந்தைக்கும் போகும், வேறு வழி கிடையாது. அவளுடைய டாக்டர் இந்த ஒரே வாக்கியத்தைச் சொன்னார், சம்மதித்தாள். விளக்கம் நீளமாக இருக்க வேண்டியதில்லை போல, என் அரை மணி நேரங்களை நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

எப்போது போடுவது என்று கேட்பவர்களுக்கு: உங்கள் ஊரில் எப்போது ஃப்ளூ ஏறுமோ அதற்கு ஒரு மாதம் முன்பு. மிகவும் முன்னாலேயே போட்டால் சீசன் முடிவதற்குள் வேகம் குறைந்துவிடும், ஏற ஆரம்பித்த பிறகு போனால் அந்த இரண்டு வாரம் நிராயுதபாணி. போட்ட பிறகு 15 நிமிடம் உட்கார்ந்திருங்கள், சிலருக்குத் தலை சுற்றும், பெரும்பாலும் பயத்தில். 65 வயதுக்கு மேல் என்றால், நாலு மடங்கு அளவு உள்ளது, வகைக்கு 60 மைக்ரோகிராம், உங்கள் பக்கம் கிடைக்கிறதா என்று கேளுங்கள். மூக்கில் அடிக்கிற மருந்தும் உண்டு, ஊசிக்குப் பயந்த பிள்ளைகளுக்கு வரம், ஆனால் அதில் பலவீனப்படுத்திய உயிருள்ள வைரஸ் என்பதால் இழுப்பு இருக்கிற எனக்கு வேண்டாம் என்றார் டாக்டர்.

மதிப்பெண்: பொருளுக்கு ஐந்துக்கு மூன்றரை. ஒரே ஊசியில் பல வருஷம் தாங்குகிற மாதிரி ஒன்று வரும்வரை அதற்கு மேல் தர மனசு வரவில்லை. போடுகிற இடங்களுக்கு, நான் போன எல்லாவற்றுக்கும் சராசரியாக, இரண்டரை. பொருளைவிடச் சேவை மட்டம். மீண்டும் வாங்குவேனா என்றால், அடுத்த தேதியை ஏற்கெனவே குறித்துவிட்டேன்.

போன முறை அத்தையும் கூட வந்தார், துணைக்கு. எனக்குப் போடும்போது கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் நர்ஸிடம் "சர்க்கரை இருக்கறவங்களுக்கும் போடுவீங்களா?" என்று கேட்டார். "உங்களுக்குத்தாம்மா முக்கியமா போடணும், உட்காருங்க" என்று நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டார். அத்தை உட்கார்ந்தார். சேலைத் தலைப்பைத் தோளிலிருந்து எடுத்தார். எடுத்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மறுபடி தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "வெயில்ல வந்தது, அதான் உட்கார்ந்தேன்." வீடு வந்து சேர்கிற வரைக்கும் என் வலது கையையே பார்த்துக்கொண்டு வந்தார். ஊசி போட்டது இடது கையில்.